கூனிப்பார் நாக்குகள்

மொத்தம் நாலாயிரத்து நூத்துப் பதினேழு நாக்கு. எண்ணினது நான்தான், அதனால கூடக் குறைய எவன் வந்து சொன்னாலும் நம்பாதீங்க. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்னு இருபத்தாறு நாள் லேப்டாப் முன்னால உக்காந்து, கடலடியில வாயைப் பிளந்துட்டுக் கெடந்த சிப்பிகளையும் அதுக்குள்ளருந்து வெளியே தொங்கின மனுச நாக்குகளையும் ஒண்ணொண்ணா எண்ணினவ நான், அந்தக் கருமத்தைப் பாத்த கண்ணு எத்தனை கழுவியும் இன்னும் சுத்தமானபாடில்ல.

புன்னைத்தலைக் கரையிலருந்து கிழக்கே அரை மணி நேரம் வள்ளத்துல போனா, எட்டுப் பாகம், அதாவது அம்பது அடி ஆழத்துல ஒரு பாறைத்திட்டு தட்டையாக் கெடக்கும். கடலடிப் பாறைக்கு இந்த ஊர்ல 'பார்'னு பேரு, இது கூனிப்பார், முழுக்க முழுக்கச் சிப்பி. இந்த ஊர்ல பிள்ளை பொறந்தா சேனை தொட்டு வைக்கச் சீனித்தண்ணி கெடையாது. கூனிப்பார்லருந்து ஒரு உயிர்ச்சிப்பியை எடுத்துட்டு வந்து, கத்தி முனையால லேசா நெம்பி, உள்ள இருக்கிற தண்ணியில ஒரு சொட்டைப் பிள்ளை நாக்குல வச்சுட்டு, அந்தச் சிப்பியைச் சாகவிடாம அன்னைக்கே எடுத்த எடத்துல கொண்டு போய் விட்டுருவாங்க. நான் பொறந்தது கடல்லருந்து உள்ள தள்ளி, தேரிக்காட்டுப் பக்கம், எனக்கு வச்சது கருப்பட்டித் தண்ணி. காலேஜ்ல விலங்கியல் படிக்கப் போன எடத்துல சங்கு குளிக்கிற சில்வேரியானைப் பிடிச்சுப் போயி, வீட்டை விட்டு ஓடி வந்து, இந்த ஊர்க்காரி ஆனவ. ஆனா எம்மக டெல்சி இங்கதான் பொறந்தா, அவளுக்குக் கூனிப்பார்ச் சிப்பிதான். ஊர் வழக்கம்னு நானும் பாத்துட்டு நின்னேன்.

டெல்சிக்கு எட்டு வயசு நடக்கும்போது, சாயம் பண்ணுற ஒரு கம்பெனி தன்னோட கழிவுத்தண்ணியைக் கடலுக்குள்ள கொண்டு போய் விடக் குழாய் போட வந்துச்சு. குழாய் முடியுற எடம் கூனிப்பாருக்குப் பக்கத்துல. பார் உயிரோட இருக்கா செத்துப் போச்சான்னு சர்வே பண்ணித்தான் அனுமதி கொடுப்பாங்களாம். ஒரு சதுர மீட்டருக்கு அஞ்சு சிப்பி உயிரோட இருந்தா குழாய் கெடையாது, அதுக்குக் கொறஞ்சா போட்டுக்கலாம். சர்வேக்கு நீலமேகம்னு ஒரு சார் வந்தாரு, நல்ல மனுசன், யாரையும் கண்ணைப் பாத்துப் பேசமாட்டாரு. அவருக்கு உதவிக்கு, ஊர்ல விலங்கியல் படிச்சவ நான் ஒருத்திதான்னு என்னைச் சேத்துக்கிட்டாங்க.

வேலை இதுதான். இரும்புச் சட்டத்துல கேமராவையும் லைட்டையும் கட்டி, வள்ளத்துலருந்து கயித்துல எறக்கி, பார் மேல மெதுவா இழுத்துட்டுப் போகணும். சட்டத்துலருந்து ரெண்டு பச்சை லேசர்ப் புள்ளி தரையில விழும், அதை வச்சு அளவு பாத்துக்கணும். அப்புறம் கரைக்கு வந்து, வலை வைக்கிற கொட்டகையில உக்காந்து படத்தை ஓடவிட்டு, கட்டம் கட்டமா நிறுத்தி எண்ணணும். மேனுவல்ல ஒரே ஒரு விதி, வாய் மூடின சிப்பி உயிருள்ளது, வாய் பிளந்த சிப்பி செத்தது.

முதல் நாள் படத்துல, கலங்கல் தெளிஞ்சதும், எல்லாச் சிப்பியும் வாயைப் பிளந்துட்டுத்தான் கெடந்துச்சு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு நாக்கு இருந்துச்சு. சங்கு குளிக்க எறங்குற ஆளோட நெழல் விழுந்தா மூடிக்கிடுமாம், கேமராவைக் கண்டு மூடல, அதனாலதான் இத்தனை வருசமா எவன் கண்ணுலயும் படல. நீலமேகம் சார் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி பாத்தாரு. "ஃபார்ம்ல இதுக்குக் கட்டம் இல்லியேம்மா"ன்னு சொன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

நாக்கு வாய்க்குள்ள இருக்கிற வரைக்கும்தான் நாக்கு, வெளியே தனியாக் கெடந்தா அது என்ன பொருளுன்னு நீங்களே நெனச்சுப் பாருங்க. அது அசையுது, மணலை நக்குது, கொழகொழன்னு நுரை கக்குது, சின்ன நண்டு ஒண்ணு அது மேல ஏறி நடந்தா உள்ள இழுத்துக்கிட்டு மறுபடி நீட்டுது, சிலதுல வெள்ளை வெள்ளையாப் படிஞ்சு கெடக்கு, சிலது வெடிச்சுக் கெடக்கு. மூணாவது நாளே எனக்குச் சோறு எறங்கல. வீட்டுக்காரரு வாயைத் தொறந்து சிரிச்சா நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன், அந்தச் சிரிப்புக்காகத்தான் ஓடி வந்தவ நான்.

ஊருக்குச் சொல்லாம முடியுமா. ஊர்க் கமிட்டித் தலைவர் தஸ்நேவிஸ் மாமா, திருநாளுக்குப் படம் காட்டுற வெள்ளைத்துணியைக் கோயில் சுவத்துல கட்டச் சொல்லி, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு எல்லாரையும் உக்காரவச்சு அதைப் போட்டுக் காட்டினாரு. ஊரே ஓங்கரிக்கும்னு நெனச்சேன். ஆனா பின்னாலருந்து எறா விக்கிற மோட்சமேரியோட குரல் வந்துச்சு. "அந்த மூணாவது என்னுதுல்லா. பல்லு பட்டு அறுந்த தழும்பு இருக்கு பாருங்க."

அதோட பிடிச்சுக்கிட்டாங்க. வெத்தலைக் கறை படிஞ்சது தஸ்நேவிஸ் மாமாவோடது, கொப்புளம் போட்டது டீக்கடை ரொட்ரிகோவோடது, இருக்கிறதுலயே நீளமானது சாட்சாத் மோட்சமேரியோடதேதான்னு ஆனப்ப ஊர்ல ஒருத்தரும் ஆச்சரியப்படல. துபாய்ல இருக்கிறவனுங்க எனக்கு வீடியோ கால்ல வந்து, "எக்கா, எம் நாக்கு நல்லாருக்கா, கொஞ்சம் கிட்டக் காட்டுங்க"ன்னு கேட்டானுங்க. நிச்சயம் பண்ணின ஒரு மாப்பிள்ளையோட நாக்குல வெள்ளை படிஞ்சிருக்குன்னு பொண்ணு வீட்டுக்காரங்க கல்யாணத்தை நிறுத்திட்டாங்க. இருவது வருசமா நாத்தனாரோட பேச்சுவார்த்தை இல்லாத ஒருத்தி, தன் நாக்கு அவ நாக்கை ஒட்டிக் கெடக்குன்னு படத்துல பாத்துட்டு, சில்வேரியானைக் கூப்பிட்டு, "கொழுந்தனே, நீரு குளிக்கப் போகும்போது என்னுதைக் கொஞ்சம் தள்ளி வச்சிரும்"னு கேட்டா, இவரும் வச்சுட்டு வந்தாரு. சாமியார் பிரசங்கத்துல நாவை அடக்குறது பத்திப் பேசிட்டு, வள்ளத்துல போய்க் கூனிப்பார் மேல தீர்த்தம் தெளிச்சாரு. தீர்த்தம் தெளிச்ச தண்ணிக்கடியில சாமியாரோட நாக்கு இல்ல, அவரு வெளியூரு, என்னை மாதிரி.

ரெண்டு வாரம் சிப்பிக்கறி நின்னுது. மூணாவது வாரம் ரொட்ரிகோ கடையில மறுபடி சட்டி ஏறிச்சு. இது வேற பார்ச் சிப்பின்னு அவன் சொன்னான், தின்னவனுங்க ஒருத்தனும் எந்தப் பார்னு கேக்கல. தூ. நான் கடைக்கு எதிர்ல நின்னு பாத்தேன், தன் நாக்கைப் படத்துல பாத்துட்டு வந்தவன் அதே நாக்கால வெரலைச் சப்பிக்கிட்டு நின்னான். அந்த நாக்கு கடலுக்குள்ள இருக்கும்போதே இவன் வாய்க்குள்ளயும் எப்பிடி இருக்குன்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணல, சொத்துல ஒண்ணு கூடுதலாக் கெடச்ச மாதிரிதான் எல்லாரும் நடந்துக்கிட்டாங்க.

டெல்சியோடதை நான் பத்தொம்பதாம் நாள் பாத்தேன். நுனியில இடது பக்கம் ஒரு சின்ன வெட்டு, சைக்கிள்லருந்து விழுந்து அவளே கடிச்சுக்கிட்டது. ரோஸ் கலர்ல, அழுக்கு ஒட்டாம, கட்டத்தோட மூலையில தனியா இருந்துச்சு. இத்தனை நாள் நான் பாத்ததுல அருவருப்பா இல்லாத நாக்கு அது ஒண்ணுதான். படத்தை நிறுத்தி வச்சுட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன்.

அந்த வாரந்தான் கேமராச் சட்டம் ஒரு சிப்பி மேல எறங்கி அதை நசுக்கிருச்சு. படத்துல நான் பாத்தேன், நாக்கு ரெண்டா மடங்கி, கலங்கல்ல மறைஞ்சு போச்சு. அன்னைக்கு மத்தியானம் கஸ்பார்னு ஒரு ஆளு சோத்துத்தட்டை வீசி எறிஞ்சான், உப்பில்ல, புளியில்ல, காரமில்ல, ஈரத்துணியை மெல்லுற மாதிரி இருக்குன்னு. நாலு வீட்டுலருந்து கொழம்பு கொண்டாந்து கொடுத்தாங்க, எல்லாம் ஈரத்துணிதான். ஊரே பயந்துச்சு, ரெண்டு நாளைக்கு. மூணாம் நாள் கஸ்பார் பழைய சோத்தையும் ஊசிப் போன மீனையும் ஒரு கொறையும் சொல்லாமத் தின்னுட்டுக் கடலுக்குப் போனான். அவன் பொண்டாட்டி தண்ணிக்குழாயில நின்னு, "கல்யாணம் ஆன நாள்லருந்து இப்பதான் அந்த மனுசன் எங் கொழம்பைப் பழிக்கல"ன்னு சொல்லிச் சிரிச்சா. எல்லாரும் சேந்து சிரிச்சாங்க. "ருசிதான போவுது, உசிரா போயிருச்சு"ன்னு யாரோ சொன்னாங்க. யாரு முதல்ல சொன்னதுன்னு தெரியல, ஒரு வாரத்துல ஊரே அதைச் சொல்லிச்சு.

குழாய்க் கம்பெனி வீட்டுக்கு ஒரு ஆளுக்கு வேலைன்னு சொல்லியிருந்துச்சு. கடல்ல மீனும் இல்ல, சங்கும் இல்ல, பிள்ளைகளைப் படிக்க வைக்கணும், இதெல்லாம் எனக்குத் தெரியாதா. கமிட்டி கூடினப்போ நானும் போனேன். சர்வேயில இந்தச் சிப்பிகளை உயிருள்ளதுன்னு எழுதப்போறேன், அசையுதே, நண்டு ஏறினா உள்ள இழுக்குதே, இதைச் செத்ததுன்னு எப்பிடி எழுதன்னு எந்திரிச்சுக் கேட்டேன். தஸ்நேவிஸ் மாமா கோவப்படல, வெத்தலையை ஓரமா ஒதுக்கிட்டு, "எட்டி பாக்கியசீலி, பார்ல நாக்கு இருக்கிறவங்க பேசி முடிவெடுக்கிற விசயம் இது. உனக்கு அங்க நாக்கு இல்ல தாயி, உக்காரு"ன்னாரு. கூட்டத்துல ஒருத்தரும் சிரிக்கக்கூட இல்ல, அது அவ்வளவு ஞாயமாத் தெரிஞ்சிருக்கு எல்லாருக்கும்.

வீட்டுக்கு வந்தா சில்வேரியான் இருமிட்டு உக்காந்திருந்தாரு. ஒரு காது போயி மூணு வருசம், இப்ப எச்சில்ல ரத்தம் வருது.

"குழாய்க்கு வாட்ச்மேன் வேலை எனக்குத்தான்னு மாமா சொல்லிட்டாரு சீலி. இனிமே தண்ணிக்குள்ள எறங்க முடியாது என்னால. நீ என்ன எழுதணும்னு நான் சொல்லமாட்டேன்."

சொல்லமாட்டேன்னு சொன்னாரே தவிர, அதுக்கப்புறம் விடிய வரைக்கும் இருமி இருமிச் சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. காலையில நான் ஒரு காகிதத்துல கோடு போட்டு, எத்தனாவது கட்டம், எந்த மூலைன்னு குறிச்சுக் கொடுத்தேன். "கடைசியா ஒரு தடவை எறங்குங்க. டெல்சியோடதை மட்டும் எடுத்துட்டு வந்துருங்க"ன்னேன்.

அவரு காகிதத்தைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "மத்ததெல்லாம்"னு கேட்டாரு.

அவரோடதும் அதே வரிசையில நாலு கட்டம் தள்ளித்தான் இருந்துச்சு, எனக்குத் தெரியும், நான் எண்ணியிருக்கேன். உங்களோடதையும் எடுத்துட்டு வாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அந்தச் சதை என் வீட்டு வாளியில கெடந்து நெளியுறதை நெனச்ச மாத்திரத்துல ஓங்கரிப்பு வந்துச்சு, அதுதான் உண்மை, அதுக்கு மேல சப்பைக்கட்டு கட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்ல.

அவரு டெல்சியோட சிப்பியை டிபன் பாக்ஸ்ல கடல்தண்ணி ஊத்திக் கொண்டு வந்தாரு. நான் அதை நீல வாளியில விட்டு, அடுக்களைக் கதவுக்குப் பின்னால வச்சு, ஈரச்சாக்கைப் போட்டு மூடினேன். அப்புறம் கொட்டகைக்குப் போயி, ஃபார்ம்ல உயிருள்ளதுன்னு இருந்த கட்டத்துல பூஜ்யம் போட்டுக் கையெழுத்து வச்சேன். நீலமேகம் சார் சன்னலுக்கு வெளியே பாத்துட்டே, "நான் சொல்லலைம்மா, மேனுவல்தான் சொல்லுது, வாய் பிளந்தா செத்தது"ன்னாரு. ஊர்ல அத்தனை பேர் நாக்கையும் எழுதிக் கொடுத்துட்டு எம்பிள்ளை நாக்கை மட்டும் திருடி வச்சுக்கிட்டேன். வெத்தலையை ஒதுக்கிட்டுத் தீர்ப்புச் சொன்ன தஸ்நேவிஸ் மாமாவைவிட நான் ஒரு பிடி அதிகமாவே கேவலம்.

குழாய் வந்துச்சு. கரை வரைக்கும் தண்ணி ஒரு நாள் நீலமா, ஒரு நாள் சிவப்பா, ஒரு நாள் பேர் தெரியாத ஒரு கலர்ல போச்சு. திருநாளுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது நீலமேகம் சார் இன்னொரு தடவை கேமராவை எறக்கினாரு. நாக்கெல்லாம் கருத்து, ஊறி, சிப்பி ஓட்டை விட்டுக் கழண்டு, அழுகின பூ மாதிரி தண்ணியோட ஆடிக்கிட்டு இருந்துச்சு. மீன் வந்து அதைக் கொத்தித் தின்னுது. அந்த மீனைத்தான் மறுநாள் கரையில கூறு போட்டு வித்தாங்க.

திருநாள் அன்னைக்குக் கோயில் முன்னால பந்தல் போட்டு ஊருக்கே ஆட்டுக்கறி பிரியாணி. எல்லாரும் முதல் வாய் வச்சாங்க. வச்சுட்டு நிமிந்து, பக்கத்துல இருக்கிறவன் மூஞ்சியைப் பாத்தாங்க. பிறகு தஸ்நேவிஸ் மாமா, "நல்லாருக்கு"ன்னாரு. "நல்லாருக்கு, நல்லாருக்கு"ன்னு பந்தி முழுக்கச் சொல்லிட்டு வந்துச்சு. ரெண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்னாங்க. நான் ஒரு வாய் வச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு பிரியாணி, உப்பும் காரமும் கச்சிதமா. அது எனக்கும் சாமியாருக்கும் டெல்சிக்கும் மட்டுந்தான் தெரியும்.

அதுக்கப்புறம் ஊர் சுலபமாச்சு. கொழம்புக்கு உப்புப் போடுறதை மறந்தாங்க, புளி வாங்குறதை நிறுத்தினாங்க, ரொட்ரிகோ டீயில சீனி போடுறதில்ல, கேக்க ஆளில்ல. ஊசினது எது, நல்லது எதுன்னு யாருக்கும் வித்தியாசம் இல்ல. சாயத்தண்ணியில வளந்த மீன் மண்ணெண்ணெயும் துருவும் சேந்து வீசும், வாயில வச்சா பெயிண்ட் டப்பாவை நக்கின மாதிரி இருக்கும், அதைச் சட்டி சட்டியாத் தின்னாங்க. சில்வேரியான் வாட்ச்மேன் சட்டையைப் போட்டுக்கிட்டு, நான் என்ன வச்சாலும் தின்னுட்டு, "நல்லாருக்கு சீலி"ன்னு சொல்லுவாரு. பொய்யில்ல அது. கெட்டுப் போனதுன்னு சொல்ல அவருக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல, அவ்வளவுதான்.

டெல்சிக்கு ஒரு வாய் எறங்கல. மீனைப் பாத்தாலே வாந்தி. ஊர்க்கெணத்துத் தண்ணியும் வீச ஆரம்பிச்ச பிறகு சோறும் வாந்தி. பள்ளிக்கூடத்துல சத்துணவுத்தட்டை வச்சுட்டு அழுதிருக்கா, மத்த பிள்ளைங்க அவளை "ருசிக்காரி, ருசிக்காரி"ன்னு சுத்தி நின்னு ராகம் போட்டுச்சுங்க. கையெல்லாம் குச்சியாப் போச்சு. நான் அரிசியும் குடிக்கிற தண்ணியும் டவுன்லருந்து சுமந்தேன். வாளிச் சிப்பிக்கு நம்ம கரைத்தண்ணி ஆகாது, அதுக்காக ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரெண்டு பஸ் மாறி, தெக்க நாப்பது கிலோமீட்டர் தள்ளிப் போயி, நல்ல கடல்தண்ணி ஒரு கேன் மோந்துட்டு வருவேன். "கடல்கரை ஊர்லருந்து கடல்தண்ணி எடுக்கப் போறவங்களை இப்பதான்கா பாக்கேன்"னு கண்டக்டர் சிரிப்பான்.

டெல்சிக்கு வாளியில இருக்கிறது என்னன்னு தெரியும். சாக்கை வெலக்கி, அதுவும் அவளும் நேருக்கு நேரா நாக்கை நீட்டிக்கிட்டு இருக்கிறதை நான் ஒரு நாள் பாத்தேன்.

"எனக்கு மட்டும் ஏம்மா எல்லாம் நாறுது?"

"நாறுறதுதான் மக்ளே நாறும். உன் நாக்கு நல்லாருக்கு. அதான்."

"அப்பாக்கு நாறலியே. கூடப் படிக்கிற பிள்ளைங்களுக்கு நாறல, டீச்சருக்கு நாறல. இந்தச் சிப்பி செத்துட்டா எனக்கும் நாறாதுல்லம்மா?"

நான் அவ வாயைப் பொத்தினேன். நல்ல தண்ணி இல்லாம இது ஒரு நாள்கூடத் தாங்காது, சாயம் ஏறின நம்ம கரைத்தண்ணியில இதை விடவே கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அப்பிடிச் சொன்னது எவ்வளவு பெரிய புத்திகெட்ட வேலைன்னு அப்ப எனக்குத் தெரியல.

போன வெள்ளிக்கெழம கேனைத் தூக்கிட்டு வீட்டுக்குள்ள நொழையும்போது அடுக்களைக் கதவு தொறந்து கெடந்துச்சு. சாக்கு மடிச்சு வச்சிருந்துச்சு, வாளி கழுவிக் கவுத்தி வச்சிருந்துச்சு. டெல்சி பாவாடை முழங்கால் வரைக்கும் நனைஞ்சு, ஓரம் நீலமா சாயம் ஏறி, அவ அப்பாக்குப் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்திருந்தா. முன்னால தட்டு. தட்டுல காலையில அவருக்குன்னு நான் மூக்கைப் பொத்திக்கிட்டு வச்ச சாளைக்கொழம்பு.

அவ தின்னுக்கிட்டு இருந்தா. முள்ளை எடுத்து ஓரமா வச்சு, சோத்தைப் பெசஞ்சு, உருட்டி, ஒவ்வொரு வாயும் முழுசா. மூணு மாசமா நான் கெஞ்சியும் அடிச்சும் பாக்காத காட்சி. சில்வேரியான் என்னைப் பாத்து, "பிள்ளை சாப்பிடுது பாரு"ன்னாரு, அவரு கண்ணு நெறஞ்சிருந்துச்சு.

டெல்சி தட்டை நீட்டினா. "நல்லாருக்கும்மா. இன்னும் ரெண்டு துண்டு வை."

நான் வச்சேன். என்ன செய்யச் சொல்லுதீங்க, பிள்ளை பசிக்குதுன்னு தட்டை நீட்டினா வைக்காம இருக்க முடியுமா. ரெண்டு துண்டு கேட்டதுக்கு மூணா வச்சு, கொழம்பும் ஊத்தி, அவ தின்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருந்தேன். முடிச்சுட்டு வாயைத் தொறந்து சிரிச்சா, நாக்குல அந்த வெட்டு அப்பிடியே இருந்துச்சு.

அப்புறம் எந்திரிச்சு வீட்டுக்குப் பின்னால போயி, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு, வயித்துல ஒண்ணும் இல்லாத வரைக்கும் வாந்தி எடுத்தேன். கேன் பக்கத்துலதான் இருந்துச்சு. அதைத் தொறந்து அந்தத் தண்ணியில வாயைக் கொப்பளிச்சேன். உப்பு நல்லாத் தெரிஞ்சுது.